யாருக்கும் சொல்லாத வாக்கியம்

எங்க வீட்டுக்காரரைக் கடைத்தெருவுல ‘ரெண்டும் நல்லாருக்கு’ன்னுதான் சொல்வாங்க. பட்டப்பேர்தான். இவ்வளவு நீளமா ஒரு பட்டப்பேரான்னு நினைக்காதீங்க, அதுக்குக் காரணம் இருக்கு. அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. ஆரம்பத்துல முன்பக்கம் கவுண்டர்ல நிக்க வெச்சிருந்தாங்க. வர்றவங்க ஒரு பிரேமைப் போட்டுப் பார்ப்பாங்க, கழட்டிட்டு இன்னொண்ணைப் போடுவாங்க, “எது எனக்கு எடுப்பா இருக்கு?”ன்னு இவரைக் கேப்பாங்க. இவர் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு நல்லாப் பார்த்துட்டு, “ரெண்டும் நல்லாத்தான் இருக்கு”ம்பார். வந்தவங்க குழம்பிப் போய், “அப்புறமா வர்றோம்”னு கிளம்பிடுவாங்க. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, இவரைப் பின்னாடி ரூம்ல லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னாடி உக்கார வெச்சுட்டார். அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. சீட்டுல நம்பர் எழுதி வரும், லென்ஸை பிரேமோட அளவுக்குத் தேய்ச்சு உள்ள பொருத்தி அனுப்பணும். அன்னைக்கு உக்கார்ந்தவர்தான். தலை நரைச்சும் அதே ஸ்டூல்ல இருக்கார்.

கல்யாணம் பேசினப்ப எங்கப்பா நேராவே கேட்டார், “தம்பி, பொண்ணைப் பிடிச்சிருக்கா?”ன்னு. “அவங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி”ன்னார் இவர். அடடா, என்ன தன்மைன்னு நான் உள்ளுக்குள்ள உருகிப் போயிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, இது எனக்குன்னு தனியாக் காட்டின தன்மை இல்ல, காய்கறிக்காரர்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாருக்கும் இதேதான். “நீலச் சட்டை எடுக்கவா, பழுப்பு எடுக்கவா?” “உனக்கு எது தோணுதோ.” “உப்பு சரியா இருக்கா?” “இருக்கும்.” இருக்கும்னா என்னங்க அர்த்தம்? சாப்பிடறது யாரோட நாக்கு? நாற்காலியில பூனை படுத்திருந்தா, அதை எழுப்ப மனசு வராம பக்கத்துல நின்னுக்கிட்டே பேப்பர் படிக்கிற மனுஷன். இப்படிப்பட்டவரோட குடித்தனம் பண்றதுன்னா ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே முடிவு பண்ணணும். பண்ணினேன். குடியிருக்கிற வீடு, பையனோட ஸ்கூல், ஜன்னல் திரை, பல் டாக்டர், எல்லாம். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. யாராவது ஒருத்தர் பண்ணித்தானே ஆகணும்.

ஆனா இவரை எனக்குத் தெரியும். பசிச்சா காது மடலைத் தடவுவார். தலைவலின்னா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருப்பார். யார் மேலயாவது கோவம்னா அன்னைக்குப் பாத்திரம் கழுவ வந்து நிப்பார். வாயைத் திறக்கவே வேணாம், எனக்குப் புரிஞ்சுடும். இந்த மனுஷன்கிட்ட எனக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாதுன்னு எந்தக் கோர்ட்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணியிருப்பேன். அந்த லேப்டாப் வர்ற வரைக்கும்.

எங்க மகன் வேற ஊர்ல இருக்கான். பெரிய ஊர், பெரிய வேலை. மருமகளும் வேலைக்குப் போறா. பேத்திக்கு இப்பத்தான் பேச்சு வருது. போன வருஷக் கடைசியில பெரிய வீடாப் பார்த்துப் போனவன், “உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கும்மா, ரெண்டு பேரும் ஒரேயடியா இங்கயே வந்துடுங்க”ன்னான். எனக்குக் கால் தரையில நிக்கல. பேத்தி வளர்றதைப் போன்ல பார்த்துப் பார்த்து எனக்கு ஏக்கமாப் போயிருந்துச்சு. திரையில அவ கன்னத்தைத் தொட்டா, விரல்ல கண்ணாடிதான் படுது. “அப்பாவுக்கும் சரிதானே?”ன்னு மகன் கேட்டான். “அவருக்கென்ன, சரிதான்”னேன் நான். இவர் பக்கத்துல உக்கார்ந்து தலையை ஆட்டினார். நான் என் கண்ணால பார்த்தேன், ஆட்டினார்.

அதுக்கப்புறம் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்த் தங்கிட்டு வந்தோம். நல்ல வீடு. எதைத் தொட்டாலும் வழவழன்னு இருக்கும். நான் போன மறுநாளே சமையலறையைக் கையில எடுத்துக்கிட்டேன். இவர் என்னடான்னா, சமையலறை வாசல்ல வந்து நின்னு, “கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமா?”ன்னு மருமகளைக் கேக்கறார். அந்தப் பொண்ணு பதறிப் போய், “என்ன மாமா, இது உங்க வீடு, எடுத்துக்கோங்க”ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் அதே மாதிரி வந்து நின்னு கேட்டார். நாங்க எல்லாம் சிரிச்சோம். லிஃப்ட்ல ஏறினா மத்தவங்க பட்டனை அழுத்தற வரைக்கும் நிப்பார், அவங்க எந்த மாடியோ அந்த மாடியில இறங்கி, படி ஏறி வருவார். அதுக்கும் சிரிச்சோம்.

சரி, லேப்டாப்புக்கு வர்றேன். மகன் வந்தப்ப தன்னோட பழைய லேப்டாப்பை எங்ககிட்ட விட்டுட்டுப் போனான், பேத்தியைப் பெருசாப் பார்க்கலாம்னு. அது ஆன் ஆகறதுக்குள்ள நான் ஒரு வாளித் துணி அலசிடுவேன், அவ்வளவு மெதுவு. இவர் கடையில போய்ச் சொல்லியிருக்கார். கவுண்டர்ல இருக்கிற பொண்ணு கெட்டிக்காரி. “அண்ணே, பழைய மெஷினுக்குன்னே லேசான சிஸ்டம் ஒண்ணு இருக்கு, பழசை எடுத்துட்டு இதை ஏத்திடுங்க, ஓடும்”னு ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா. சரின்னு ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைச்சுட்டு, லேப்டாப்பை நடுவுல வெச்சு, மகனைப் போன்ல கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு உக்கார்ந்தோம்.

முதல்ல எந்த மொழின்னு கேட்டுச்சு. பட்டியல்ல தமிழ் இருந்துச்சு. எனக்குக் குஷி. “தமிழையே அழுத்துங்க”ன்னேன். அழுத்தினார். அதுல இருந்து அந்த மெஷின் எங்ககிட்டப் பேசின தமிழ் இருக்கே, பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியர் மைக்ல பேசற தமிழ். ‘பயனரின் பெயரை உள்ளிடுக.’ ‘கடவுச்சொல்லை உள்ளிடுக.’ இவர் மேசை முன்னாடி நிமிர்ந்து உக்கார்ந்துட்டார். கடவுச்சொல்னா பாஸ்வேர்டுதான்னு மகன் விளக்கினான். எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கலாம்னும் சொன்னான்.

இவர் ஒத்தை விரலால கடைப் பேரை அடிச்சார். எழுத்து அடிக்கிற பெட்டிக்குக் கீழ ஒரு கோடு, சிவப்பா, அரைச் சாண் கூட நீளாம நின்னுச்சு. ‘இது மிகவும் பலவீனமானது’ன்னு எழுதி வந்துச்சு. அதை அழிச்சுட்டு என் பேரை அடிச்சார். அதுக்கும் பலவீனமானது. எனக்குச் சுருக்குன்னுச்சு. “என்ன பலவீனம்? என் பேருக்கு என்ன குறைச்சல்?”னு கேட்டேன். போன்ல மகன் சிரிக்கிறான். “அடுத்தது உங்க மகன் பேரையும் பொறந்த வருஷத்தையும் அடிப்பீங்க”ன்னேன். அதைத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தார். ‘இதை எளிதில் ஊகிக்க முடியும்’ன்னுச்சு மெஷின். அது சரியாத்தான் சொல்லுது, நான்தான் முன்னாடியே ஊகிச்சுட்டேனே. அப்புறம் கடை போன் நம்பர்னு சொன்னேன், அதையே அடிச்சார். பேத்தியைக் கூப்பிடற செல்லப் பேரை ரெண்டு தடவை சேர்த்து அடிப்பார்னு நினைச்சேன், அதே மாதிரி அடிச்சார். எதை அடிச்சாலும் சிவப்பு. அவர் விரல் போறதுக்கு முன்னாடி என் வாய் போயிடுது.

பலவீனமா இருந்தாலும் பரவாயில்லன்னா ‘முடிந்தது’ங்கிற பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினாப் போதும்னு கீழ சின்னதா எழுதியிருந்துச்சு. நான் படிச்சுட்டேன். “அழுத்திட்டுப் போங்க, எவன் வந்து நம்ம வீட்டுல திருடப் போறான்?”னேன். அவர் கையை எடுத்துட்டார். “இல்லம்மா, அது வேணாங்குதே”ன்னார். மெஷின் வேணாங்குதாம். யார் வேணாம்னு சொன்னாலும் அவருக்கு அது பெரிய விஷயம். பூனை, குழந்தை, மெஷின், யாரா இருந்தாலும் சரி.

மகனுக்குப் பொறுமை போயிடுச்சு. “அப்பா, பேரு, நம்பர் எல்லாம் விடுங்க. பெரிய வாக்கியமாப் போடுங்க. நீங்க யாருக்கும் சொல்லாததாப் பார்த்துப் போடுங்க. அம்மாகிட்டயும் சொல்லாதீங்க, அம்மா தெருவுக்கே சொல்லிடுவா”ன்னான். நான் அவனை நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். அதுக்குள்ள வெளியில தூறல் விழற சத்தம். கொடியில துணி கிடந்துச்சு. எடுக்க ஓடினேன்.

துணியை அள்ளிக்கிட்டு வந்து பார்த்தா, அந்தக் கோடு பெட்டியோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சைப் பசேல்னு நிக்குது. ‘வலிமையானது.’ கீழப் பெட்டியிலயும் அதையே இன்னொரு தடவை அடிச்சு முடிச்சிருந்தார். பெட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளி, எறும்பு வரிசை மாதிரி நீளமா. “என்ன போட்டீங்க?”ன்னேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். “யாருக்கும் சொல்லக் கூடாதுன்னான்ல”ன்னார். அவ்வளவுதான். அப்புறம் மெஷின் தானா ஓடிக்கிட்டு இருந்துச்சு, நாங்க டீ குடிச்சோம்.

அந்த டீ எனக்கு இறங்கவே இல்ல. யோசிச்சுப் பாருங்க. யாருக்கும் சொல்லாத வாக்கியம் ஒண்ணு போடுங்கன்னா, நீங்களும் நானும் என்ன பண்ணுவோம், எதையாவது புளுகி அடிப்போம். இவர் அப்படி இல்ல. சொன்னதைச் சொன்னபடி செய்யற ஆள். யாருக்கும் சொல்லாததுன்னா, உள்ள தேடிப் பார்த்து, நிஜமாவே யாருக்கும் சொல்லாத ஒண்ணைத்தான் எடுத்துப் போட்டிருப்பார். அப்படி ஒண்ணு இவர்கிட்ட இருக்கா? அதுவும் இவ்வளவு நீளமாவா? ரொம்ப நேரம் தேடின மாதிரியும் இல்லையே, நான் துணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவை அடிச்சு முடிச்சுட்டாரே.

அந்த லேப்டாப் கொஞ்ச நேரம் சும்மா விட்டா மூடிக்கும், திரும்பப் பாஸ்வேர்டு கேக்கும். ஒவ்வொரு தடவையும் இவர் வந்து, என் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு டொக்கு டொக்குன்னு அடிச்சுத் திறந்து குடுப்பார். பேத்தியைப் பார்க்கணும்னா நான் இவர் கடையில இருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும். “நானே திறந்துக்கறேன், சொல்லுங்க”ன்னு கெஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். எல்லாத்துக்கும் சரிங்கிற மனுஷன் இதுக்கு மட்டும் “அவன் சொல்லக் கூடாதுன்னானே”ன்னு அதையே பிடிச்சுக்கிட்டார்.

அவர் வேலைக்குப் போனதும் நான் மேசையில உக்கார்ந்துடுவேன். ஒரு புருஷன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத வாக்கியம் என்னவா இருக்கும்? ‘உன் சமையல்ல உப்பு ஜாஸ்தி’ன்னு அடிச்சேன். பெட்டி இப்படியும் அப்படியும் ஆடுச்சு, இல்ல இல்லன்னு தலையை ஆட்டற மாதிரி. ‘உன் தம்பியை எனக்குப் பிடிக்காது.’ ஆடுச்சு. ‘நீ குறட்டை விடறே.’ ஆடுச்சு. ‘நீ பேசிக்கிட்டே இருக்கே.’ அதை அடிச்சுட்டு விரலை எடுக்காம கொஞ்ச நேரம் உக்கார்ந்திருந்தேன், ஒருவேளை திறந்துட்டா என்ன பண்றதுன்னு. ஆடுச்சு. நிம்மதியா மூச்சு விட்டேன். ஆனா அதுலயும் ஒரு சிக்கல். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அவர் ஒரு மாதிரி அடிப்பார், நான் ஒரு மாதிரி அடிப்பேன். அப்ப ஆடினது இல்லன்னு ஆடுச்சா, எழுத்து சரியில்லன்னு ஆடுச்சா? எதையும் நம்ப முடியல. தலை சுத்துச்சு எனக்கு.

உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறாரோன்னு ஒரு நாள் பயம் வந்துச்சு. அவர் தூங்கறப்ப மூச்சைக் கவனிச்சேன். நல்லாத்தான் விட்டார். வேற யார் மேலயாவது ஆசையோன்னு ஒரு நாள் தோணுச்சு. கடைக்கே போயிட்டேன், செருப்புக்கூடச் சரியா மாட்டாம. கவுண்டர்ப் பொண்ணு, “என்னக்கா, அண்ணனைப் பத்தியா? அவர் டீ வேணுமா வேணாமான்னு நாங்க கேக்கறதே இல்லக்கா. வெச்சா குடிப்பார், வெக்கலன்னா இருப்பார். அவருக்கா ரகசியம்?”னா. பின்னாடி ரூம் கதவு பாதி திறந்திருந்துச்சு. எட்டிப் பார்த்தேன். லென்ஸை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கிட்டு இருந்தார். வாய்க்குள்ள ஏதோ பாட்டு. வீட்டுல இவர் பாடி நான் கேட்டதே இல்ல. கூப்பிடாம வந்துட்டேன். வழியெல்லாம் குழப்பம். நான் கல்யாணம் பண்ணினவர் இவர்தானா?

இந்தக் கூத்துக்கு நடுவுல வீட்டைக் காலி பண்ற வேலையும் நடந்துக்கிட்டே இருந்துச்சு. பாதிப் பாத்திரத்தைப் பெட்டியில போட்டுக் கட்டிட்டேன். ஜன்னல் திரையைக் கழட்டிட்டேன். வீட்டுக்கார அம்மா அடுத்த குடித்தனத்துக்கு ஆளைப் பார்த்து வெச்சு, “உறுதியாச் சொல்லிடுங்க, நான் அவங்ககிட்டச் சாவி தர்றேன்னு சொல்லணும்”னு நின்னாங்க. இவர் அவர் பாட்டுக்கு அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டினார். ஒட்டினா ரொம்பச் சுத்தமா ஒட்டுவார். ஓரம் பிசகாது.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. காலையில இவர் கடைக்குப் போயிட்டார். மகன் கூப்பிட்டான். “அம்மா, சாமான் ஏத்தற லாரிக்காரங்க மெயில் அனுப்பியிருக்காங்க, லேப்டாப்புல வந்திருக்கும். அதுல ‘உறுதி செய்’னு ஒரு பட்டன் இருக்கும், இன்னைக்குள்ள அழுத்தணும், இல்லன்னா வண்டியை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க”ன்னான். என் போன்ல அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. லேப்டாப் மூடிக் கிடக்கு. “அப்பாகிட்டப் பாஸ்வேர்டைக் கேளும்மா”ன்னு அவனே சொன்னான். எனக்கு இது போதாதா? உடனே கடைக்குப் போன் போட்டேன்.

கவுண்டர்ப் பொண்ணு இவரைக் கூப்பிட்டுக் குடுத்தா. “பாஸ்வேர்டைச் சொல்லுங்க. உங்க மகனேதான் கேக்கச் சொன்னான்”னேன். மெஷின் ஓடற இரைச்சல் மட்டும் கேட்டுச்சு. “அவனா சொன்னான்?”னார். “அவனேதான்.” திரும்ப இரைச்சல். “எழுத்து எழுத்தாச் சொல்றேன், அடிச்சுக்கோ”ன்னார். வாயை மறைச்சுக்கிட்டுப் பேசறார்னு தெரிஞ்சுது, குரல் அடைச்சு வந்துச்சு. என், ஏ, ஏ, என். “அப்புறம் கொஞ்சம் இடம் விடு”ன்னார். தோள்ல போனை இடுக்கிக்கிட்டு ஒத்தை விரலால நான் அடிச்சேன். ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிட்டு, “அடிச்சிட்டியா?”ன்னு கேட்டுட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார். எனக்கு எழுத்தைத் தேடறதுலயே கவனம் போச்சு, எதையும் சேர்த்துப் பார்க்கத் தோணல. திரையில வெறும் புள்ளிதான். அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போச்சு. “அவ்வளவுதான்”னார் கடைசியில.

பெட்டியோட ஓரத்துல ஒரு கண்ணு படம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அதை அழுத்தினா புள்ளியெல்லாம் எழுத்தாத் தெரியும். இத்தனை நாள் தவிச்சவ, சும்மா விடுவேனா. அழுத்தினேன்.

இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். முதல் தடவை படிச்சப்ப மண்டையில ஏறல. ரெண்டாவது தடவை வாய்விட்டுப் படிச்சேன்.

‘நான் வரமாட்டேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க.’

“உள்ள போச்சா?”ன்னார் போன்ல. “ம்”னேன். “சரி, வேலை கிடக்கு”ன்னு வெச்சுட்டார்.

நான் மேசையிலயே உக்கார்ந்திருந்தேன். அந்த ‘பண்ணுவீங்க’ என்னை மட்டும் கேட்டது இல்ல, என்னைத்தான் அவர் நீன்னு சொல்வாரே. என்னை, மகனை, மருமகளை, எல்லாரையும் சேர்த்துக் கேட்டிருக்கார். யாருமே பார்க்க முடியாத இடத்துல, புள்ளிக்குப் பின்னாடி, மெஷினுக்கு மட்டும் சொல்ற இடத்துல கூட, இந்த மனுஷன் ‘வரமாட்டேன்’னு எழுதலையே. சொன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டுல்ல வெச்சிருக்கார். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கூட இருந்து குப்பை கொட்டினவ நான், என்கிட்டச் சொல்லாம ஒரு லேப்டாப்புகிட்டச் சொல்றதா? அடுத்த நிமிஷம், தண்ணி எடுத்துக்கலாமான்னு அந்த வாசல்ல வந்து நின்னாரே, அது ஞாபகம் வந்துச்சு. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரல. அடுத்த நிமிஷம் பேத்தி ஞாபகம். அவ என்னைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தூக்குவா. நான் போகாம எப்படி இருப்பேன்? மகன் திரும்ப ரெண்டு மூணு தடவை கூப்பிட்டான். “பொறுடா, சாயங்காலம் ஆகட்டும்”னேன். எழுத்து எழுத்தா அவ்வளவு மெதுவாச் சொன்னாரே, எனக்குத் தெரியட்டும்னு சொன்னாரா, தெரியாதுன்னு நினைச்சுச் சொன்னாரா? எனக்கு ஒண்ணும் விளங்கல.

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சார். திரையில்லாத ஜன்னலைப் பார்த்தார், டேப் ஒட்டின பெட்டியைப் பார்த்தார். “லாரிக்குச் சொல்லியாச்சா?”ன்னார்.

“நீங்க எழுதியிருந்ததைப் படிச்சேன்”னேன்.

கண்ணாடியைக் கழட்டினார். “அது சும்மா, பாஸ்வேர்டுக்குன்னு போட்டது. பெருசா இருக்கணும்னான்ல.”

“சும்மாவா? யாருக்கும் சொல்லாததைப் போடுன்னா நீங்க வேற எதைப் போடுவீங்க? உக்காருங்க. நான் ஒண்ணு கேக்கறேன், எனக்கு என்ன தோணுதுன்னு பார்க்காம பதில் சொல்லுங்க. நீங்க வர்றீங்களா, வரலையா?”

“உனக்கு எப்படி...”

“எனக்குத் தோணறது கிடக்கட்டும்.”

பெட்டி மேலயே உக்கார்ந்தார். டேப்போட ஓரத்தை விரலால நீவிக்கிட்டே இருந்தார். நான் வாயைத் திறக்கல. எனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நாக்கு நுனியில பதில் வந்து நிக்குது, அவருக்காக நான் சொல்லிடலாம், ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

“எனக்கு வரப் பிடிக்கல”ன்னார். சொல்லிட்டுத் திடுக்குன்னு என்னைப் பார்த்தார், அதைச் சொன்னது வேற யாரோங்கிற மாதிரி. உடனே, “ஆனா வரேன். நீ ஆசைப்படறியே”ன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆச்சோ தெரியல. “என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருந்தீங்கல்ல?”ன்னேன். “என்ன பண்ணுவேன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க. அழுவேன். பேத்தியை நினைச்சு நினைச்சு அழுவேன். உங்க மேல கோவிச்சுக்குவேன். கொஞ்ச நாளைக்கு உங்ககூடப் பேச மாட்டேன். பாத்திரத்தை டமால்னு வெப்பேன். அப்புறம் லாரி வேணாம்னு சொல்லிட்டு, இந்தத் திரையைத் திரும்ப மாட்டுவேன். வேற என்ன பண்ண முடியும் என்னால?”

அவர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். இன்னும் ஏதோ பாக்கி இருக்குன்னு காத்திருக்கிற மாதிரி இருந்துச்சு அந்தப் பார்வை. அப்புறம் மெதுவாக் கேட்டார்.

“அவ்வளவுதானா?”

கேலியாக் கேக்கல. குத்தலாவும் கேக்கல. நிஜமாவே தெரியாமதான் கேட்டார். அப்படின்னா இத்தனை வருஷமா, வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன பண்ணிடுவேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார்? என்ன நடந்துடும்னு பயந்தார்?

சொன்னபடி அழுதேன். அழுதுக்கிட்டே மகனுக்குப் போன் போட்டு, லாரி வேணாம்னு சொன்னேன். “ஏம்மா, என்ன ஆச்சு? யார் வேணாம்னது?”ன்னான். “உங்கப்பா”ன்னேன். “யாரு, அப்பாவா?”ன்னான் அவன். நான் போனை அவர்கிட்ட நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கிட்டு, எழுந்து நின்னு, “ஆமாப்பா, நான்தான்”னார்.